இருவர் சொல்லும் செபம்

முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் முன்பெல்லாம் நாளை மூன்றாகப் பகுத்தது கோவில் மணி. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் திரிகால மணி அடிக்கும்போது வலை பொத்துகிறவர் கை நிற்கும், நடக்கிறவர் கால் நிற்கும். நற்கருணை வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் சோறில்லை. 1953 வரை தண்ணீரும் கூடாது. 1957-இல் அந்த ஒறுத்தல் மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. சலுகை நல்லதுதான், நோயாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் பசித்த வயிறு இரவெல்லாம் கடவுளை நினைத்துக்கொண்டிருந்தது. இன்று அந்த நினைவை மனம் மட்டுமே சுமக்க வேண்டியிருக்கிறது.

கணவன் மனைவி அன்பைப் பற்றி அந்தக் காலத்துக் கோவில் அதிகம் பேசவில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், தடை சொல்ல ஆளில்லை என்றால் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குமுன் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் பிள்ளைப்பேற்றையும் பிள்ளை வளர்ப்பையுமே திருமணத்தின் முதல் நோக்கம் என்றது; ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது அடுத்த படியில் நின்றது.

ஆனால், சட்டத்தில் இல்லாத ஒன்று மாலைச் செபத்தில் இருந்தது. விளக்கேற்றி, சுரூபத்தின் முன் வீடே முழந்தாளில் நிற்கும். செபமாலையின் 53 மணிச் செபத்தில் மங்கள வார்த்தையின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். பகலில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய கணவனும் மனைவியும்கூட, அவர் விட்ட இடத்தில் இவர் எடுத்தால்தான் செபம் நகரும். ஐந்து பத்து முடிவதற்குள் இரண்டு குரலும் ஒரே கதிக்கு வந்திருக்கும். பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து தோத்திரம் சொல்வார்கள். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அப்புறம்தான் சோறு. கடவுளை நடுவில் வைத்து வாழ்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியாது. அன்பு என்ற சொல் ஒருமுறைகூட வராமலே அது நடந்தது. அந்தச் செபத்துக்குள் வாயடைத்துப்போன பெண்களின் துயரமும் இருந்தது. சேர்ந்து செபித்த எல்லா வீட்டிலும் நியாயம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று அன்பு என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் திருமணத்தை வாழ்வும் அன்பும் கலந்த உறவாகக் கண்டது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தம்பதியரின் நலனைப் பிள்ளைப்பேற்றுக்கு இணையாக வைத்தது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய நீண்ட மடலில், சமாதானமாகாமல் எந்த நாளையும் முடிக்காதீர்கள் என்று தம்பதியரைக் கேட்டுக்கொண்டார். ஓலை இன்றும் வாசிக்கப்படுகிறது. அதோடு கல்யாணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பும் உண்டு. அங்கே பணம், கோபம், மாமியார், உடலுறவு எல்லாவற்றையும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள். பாட்டிகளுக்குக் கிடைக்காத பேறு இது. கிடைக்காமல் போனது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இழந்தது, வீடே சேர்ந்து செபித்த அந்த ஒரே நேரத்தை. ஆண்கள் பலர் இப்போது வளைகுடாவில். ஊரில் இரவு எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை. கணவர் வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருப்பார். ஆகவே மனைவி பத்து மணிவரை காத்திருந்து, கைபேசியில் அழைத்து, ஒரு பத்து மட்டும் சொல்லும் வீடுகள் உண்டு. அவள் முன்பாதி, அவர் பின்பாதி. தொடர்பு இழுத்தால் பின்பாதி சற்றுத் தாமதமாக வரும். இதெல்லாம் செபமா என்று பெரியவர்கள் கேட்கலாம். செபம்தான் என்பேன். மணி அடித்ததற்காகவோ ஊர் பார்க்கிறது என்பதற்காகவோ அவர்கள் அதைச் சொல்வதில்லை. களைத்த இருவர் தாங்களாகவே ஒதுக்கிய நேரம் அது.

ஆனால் பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். காதால் கேட்டே மனப்பாடமாகிவந்த செபத்தை இப்போது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்துச் சொல்வதை அவர்களில் பலர் கேட்டதே இல்லை.