தறியில் தெளியும் கண் வாசலில் மங்குவது ஏன்?

நாள் முழுதும் தறியில் அமர்ந்து நெய்தவர், அந்தி வேளையில் தலை நிமிர்ந்து வாசலை நோக்குகிறார். அங்கே நிற்பவரின் முகம் பிடிபடவில்லை. சிறிது நேரம் சென்றபின் அதே முகம் ஒருவாறு துலங்குகிறது. மறுநாட் காலையில் பார்வை இன்னும் தெளிவாக இருக்கிறது. கண்ணாடியின் சக்தி போதவில்லை என்று ஒரு நாளும், இனிக் கண்ணாடியே வேண்டாம் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றுகிறது. இரண்டுமே அவசர முடிவுகள்.

கிட்டப்பார்வை உடையவரின் கண்ணில், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. கருவிழியின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இல்லாதிருப்பது வேறொரு குறை. டாக்டர்கள் அதனை அஸ்டிக்மாட்டிசம் என்பர். நெசவாளருக்கு இதனை விளக்குவது எளிது. கட்டம் போட்ட துணியைத் தள்ளிப் பிடித்தால் பாவுக் கோடுகள் துலக்கமாகவும் ஊடைக் கோடுகள் கலங்கலாகவும் தெரியக்கூடும். துணியைக் குறுக்காகத் திருப்பினால் கலங்கல் பாவுக்கு மாறிவிடும். பழுது துணியில் இல்லை! இக்குறையைத் தம் கண்ணிலேயே கண்டு 1801-இல் விவரித்தவர் ஆங்கில அறிஞர் தாமஸ் யங். 1825-இல் ஜார்ஜ் ஏரி என்பவர் தம் கண்ணுக்கென இதற்கேற்ற வில்லையைச் செய்வித்துக்கொண்டார்.

இக்குறைகள் ஒரே நாளில் கூடிக் குறைவன அல்ல. மேலெழுந்தவாரியான மாறுதல்களுக்குக் காரணங்கள் வேறு. நெடுநேரம் அருகிலேயே நோக்கிய கண்ணின் தசை உடனே தளர்வதில்லை. மாலையில் ஒளி குறையவே கண்ணின் பாவை விரிகிறது, கலங்கலும் மிகுகிறது. கண்ணை இடுக்கினால் சற்றுத் தெளிவதும் துளை சிறுப்பதனாலேயே. அட்டையில் ஊசித் துளையிட்டு அதன் வழியே பாருங்கள். தூரப் பொருள் தெளிந்தால், கண்ணாடியால் பயன் உண்டு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கண்ணீரையும் மறக்கலாகாது. கருவிழிமீது படர்ந்த மெல்லிய நீர்ப்படலம் ஒழுங்காக இருந்தால்தான் பிம்பம் ஒழுங்காக விழும். நூலில் கருத்தூன்றியவர் இமைக்கவே மறந்துவிடுகிறார். படலம் காய்ந்து திட்டுத்திட்டாகிறது. பஞ்சுத் தூசியும் களத்துத் தூசியும் இதனை மிகுவிக்கும். இமைத்தவுடன் தெளிந்து, மறுபடி மங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே. அவ்வப்போது வேலையை நிறுத்திக் கண்ணை நன்றாக மூடித் திறந்து, தூரத்து மரத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிறங்கும்போது கண்வில்லை நீரை ஏற்று உப்புவதும் வற்றுவதுமாக இருக்கும். சர்க்கரை மிகுந்திருந்த நாளில் சோதித்து வாங்கிய கண்ணாடி, மருந்தால் அது தணிந்தபின் பொருந்தாமற் போகும். கூலியில் மிச்சம் பிடித்த பணம் வீணாகிறது. பழியோ கண்ணாடிக் கடைக்காரர் தலையில்! சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் நிலைத்தபின் சோதித்துக் கொள்வதே முறை. கண் முகாமிலும் நீரிழிவு உண்டென்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திடீரென ஒரு கண் மட்டும் மங்குதல், திரை விழுந்தாற்போல் மறைத்தல், புதிதாக மின்னல் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் மிகுந்து தோன்றுதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தனவல்ல. அன்றைக்கே, பாவு பாதியில் நின்றாலும், கண் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.