மரியன்னையும் குழந்தை இயேசுவும்

மசாச்சோ (1401–1428)
1426, மரப்பலகையில் முட்டைக்கரு வண்ணம், பொன் தகடு
நேஷனல் கேலரி, லண்டன்

இத்தாலியின் பீசா நகரில், சாந்தா மரியா தெல் கார்மினே ஆலயப் பீடத்துக்காக வரையப்பட்ட பல பலகைகளில் நடுப்பலகை இது. பொன் பின்னணி பழைய மரபு. உருவங்களுக்குக் கனம் தரும் முறைதான் புதியது. ஒளி இடப்புறமிருந்து விழுகிறது, அரியணை அதற்கேற்ப நிழல் கொள்கிறது. இரண்டு ஒளிவட்டங்களையும் ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும்: அன்னையுடையது தட்டையான வட்டம்; குழந்தையுடையது தலைக்கு மேல் சாய்ந்து நீள்வட்டமாகத் தெரிகிறது.

குழந்தைக்கு ஆடையில்லை, அரச தோரணையும் இல்லை. தாய் கையிலிருக்கும் திராட்சையைப் பறித்து, விரல்களை வாயில் வைத்துச் சப்புகிறது. பார்வைக்கு வெறும் பிள்ளைத்தனம். ஆனால் திராட்சை, திருப்பலியின் இரசத்தையும் சிலுவையில் சிந்தப்போகும் இரத்தத்தையும் குறிப்பது. அன்னையின் முகத்தில் சிரிப்பில்லை.

அந்த முகத்தின் பச்சைச் சாயல் ஓவியர் எண்ணியதன்று. தோல்நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசுவது அக்கால வழக்கம். மேற்பூச்சு தேய்ந்ததால் அது வெளித்தெரிகிறது.

பீட ஓவியம் பின்னாளில் பிரிக்கப்பட்டது. எஞ்சிய பிற பலகைகள் பீசா, நேப்பிள்ஸ், பெர்லின், லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகங்களில் உள்ளன.