உங்களுக்குத் தெரியுமா? தேயிலை விலைக்காக வாதாடிய வங்கியாளர்

இலங்கையின் பிரதமராக இருந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. அவருடைய சகோதரியின் மகன்தான் கலாநிதி காமணி கொரியா (1925–2013). மாமா அரசியலில் இறங்க, மருமகன் வங்கிக்குப் போனார். இலங்கை மத்திய வங்கியின் சிரேஷ்ட பிரதி ஆளுநராக உயர்ந்து, 1973இல் பிரசல்ஸில் தூதுவரானார். மறுவருடமே ஜெனீவா: ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டுச் செயலாளர் நாயகம். பத்தாண்டுகள் அந்தக் கதிரை அவருடையதுதான்.

அவர் வாதாடியது எதற்காக? கந்தளாயில் அறுவடைக் காலத்தில் நெல் விலை விழும்போது சந்தைப்படுத்தும் சபை வாங்கி வைக்கிறதல்லவா? அதே கணக்கை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். தேயிலை, இறப்பர், சணல், செம்பு என 10 முக்கியப் பண்டங்களை விலை சரியும்போது வாங்கிக் களஞ்சியப்படுத்தி, ஏறும்போது விற்க ஒரு பொது நிதியம்! 1976இல் நைரோபியில் கூடிய அதே ஐ.நா. மாநாடு திட்டத்தை ஏற்றது. பணக்கார நாடுகள் பேரம் பேசிப் பேசியே அதை மெலியவைத்தன. 1980இல் உடன்பாடு, நடைமுறைக்கு வந்தது 1989இல், அவர் பதவி விலகிய பிறகு. இத்திட்டத்தின் கீழ் புதிதாக விலை ஒப்பந்தம் கைகூடியது இறப்பருக்கு மட்டுமே (1979). நீண்டநாள் வைத்தால் தரம் கெடும் தேயிலைக்கு அப்படியொரு கையிருப்பு அமையவேயில்லை.