பிரிட்ஜ் ஊறுகாய்: வீட்டில் செய்வோரும் விலைக்கு வாங்குவோரும் அறிய வேண்டியவை

வெள்ளரிப்பிஞ்சு, பூண்டு, சதகுப்பை இலை, உப்பு, வினிகர், தண்ணீர். இவற்றைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தால் சில நாளில் தயாராகிவிடும் அமெரிக்க ஊறுகாய் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. "ஊறுகாய்தானே, கெடாது" என்று இதையும் நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மாங்காய், எலுமிச்சை ஊறுகாயைக் காப்பவை மிகுந்த உப்பும் காயின் சொந்தப் புளிப்பும். வெள்ளரியில் புளிப்பு கிடையாது, நீர்தான் அதிகம். இந்த ஊறுகாயில் உப்பும் குறைவு. இதற்கு வினிகரின் அமிலமும் பிரிட்ஜின் குளிர்ச்சியும்தான் காவல்.

காவல் தளர்ந்தால்

அமிலம் குறைந்து, பிஎச் அளவு 4.6-ஐத் தாண்டினால், காற்றில்லாத இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். முகர்ந்தோ ருசித்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. 1997-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், வீட்டில் வினிகரில் ஊறவைத்த முட்டையைச் சாப்பிட்ட ஒருவர் இந்த நஞ்சால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த பாட்டில் பிரிட்ஜுக்கு வெளியே இருந்தது.

லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அது மிகவும் ஆபத்தானது.

வினிகர் பாட்டிலைப் படியுங்கள்

அமெரிக்கச் செய்முறைகள் 5 சதவீத வினிகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்திய விதிப்படி 3.75 சதவீத அமிலம் இருந்தாலே வினிகர் என்று விற்கலாம். அங்கே சொல்லும் "பாதி வினிகர், பாதி தண்ணீர்" கணக்கை இங்கே அப்படியே பின்பற்றினால் ஊறுகாயின் அமிலம் குறைந்துபோகும். உங்கள் பாட்டிலில் 4 சதவீதம் என்றிருந்தால், 5 டம்ளர் வினிகருக்கு 3 டம்ளர் தண்ணீருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். காய் முழுவதும் வினிகர் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். பிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். செய்த தேதியை ஒட்டிவைத்து, சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். மின்வெட்டு நீண்டு பாட்டில் பல மணி நேரம் சூடாக இருந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

வாங்குவோரின் உரிமை

வீட்டில் செய்து விற்பவரும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு பெற வேண்டும் என்பது சட்டம். 14 இலக்கப் பதிவு எண், சேர்பொருள்கள், தயாரித்த தேதி, எப்போதுவரை பயன்படுத்தலாம், எப்படிச் சேமிக்க வேண்டும் ஆகிய விவரங்கள் லேபிளில் இருக்க வேண்டும். "பிரிட்ஜில் வைக்கவும்" என்று எழுதிய பாட்டில் கடை வெயிலில் நின்றால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு தரும் உரிமை இது. விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பாதிக்கப்பட்டால்

பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல்: இவற்றில் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிட்டது என்ன என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்ச ஊறுகாய், லேபிள், ரசீது, பணம் அனுப்பிய பதிவு, மருத்துவச் சீட்டு அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு கோரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடுக்கலாம்.

சிறிய பாட்டில்தானே என்று புகாரை விட்டுவிடாதீர்கள். அதே கையால் செய்த அடுத்த பாட்டில் இன்னொரு வீட்டுக்குப் போகிறது.