சிகிச்சைத் தெரிவும் தோட்ட மருந்தகமும்

போதைப்பொருளை ஊசிமூலம் ஏற்றுவோர் எச்சிகிச்சையை விரும்புகின்றனர் என ஆராய்வோர் பலர், விருப்பத்தைத் தனிமனித உளப்பாங்காகவே நோக்குவர். ஆயின் தெரிவைச் சமூக உறவுகளே வரையறுக்கின்றன.

இலங்கையில் ஹெரோயினைப் புகைப்போரே மிகுதி. ஊசி ஏற்றுவோர் குறைவு. எனினும், உதவியை எங்கு நாடுவது என்னும் வினா இருசாரார்க்கும் பொதுவானது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் மருத்துவ நலன் குறித்த கடமைகளைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்திற்று. வட்டகொடை போன்ற மலையகப் பகுதிகளில் மருந்தகம் நிர்வாகத்தின் கீழ் வளர்ந்தமை இதன் விளைவே. வேலை, லயன் அறை, மருந்து ஆகிய மூன்றும் ஒரே கையில் இருக்கையில், தன் பழக்கத்தை அங்கு எவர் வெளியிடுவார்? 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளிப்பதால், அரசின்பாலும் அச்சம் எழுகின்றது.

எனவே, சிகிச்சையை நாடாதோரை அறியாமையுடையோர் எனல் பொருந்தாது. இரகசியம் காக்கும், தண்டனையுடன் தொடர்பற்ற, தமிழில் உரையாடும் நிலையங்கள் தோன்றும்போதே தெரிவு என்னும் சொல் பொருள்பெறும்.