உங்களுக்குத் தெரியுமா? – வீட்டில் எலெக்ட்ரிக் கிதார்

★ 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்பைவிடப் பத்து மடங்கு சத்தமாகக் கேட்காது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். அடுக்ககத்தில் 5 வாட் வால்வு ஆம்பே அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட அது போதும்.

★ சின்ன ஆம்ப் என்று இளக்காரம் வேண்டாம். 1970இல் மயாமியில் ‘லைலா’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் வாசித்தது, கையில் தூக்கிப்போகிற அளவுள்ள ஃபெண்டர் சாம்ப் ஆம்பில்.

★ ‘ஃபஸ்’ பெடல், அதாவது கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி, ஒரு பழுதின் வாரிசு. நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மிக்ஸர் கோளாறால் கிரேடி மார்ட்டினின் பாஸ் கிதார் கரகரவென்று கிழிந்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள்; 1961இல் பாட்டு ஹிட். அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க, ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி ஒரு சர்க்யூட் அமைத்து கிப்ஸன் நிறுவனத்திடம் கொடுத்தார். 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ பிறந்தது. சீந்துவாரில்லை! 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகுதான் கடைகளில் காலியானது. அதிலும் வேடிக்கை, குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், பாட்டில் ஃபஸ் ஒலிக்கும் இடத்தில் ஊதுகருவிகள் வரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்.

★ பெடல் இல்லாமலே வழி கண்டவர்களும் உண்டு. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறிவிட்டார். 1964இன் ‘யூ ரியலி காட் மீ’ அந்தச் சத்தம்தான். நீங்கள் முயல வேண்டாம்.

★ பெடலை அணைத்துவிட்டாலும் பேட்டரி கரையும். காலால் மிதிக்கிற ஸ்விட்ச் ஒலியை மட்டுமே மாற்றுகிறது. பேட்டரிக்கான ஸ்விட்ச், பெரும்பாலான பெடல்களில் கிதார் ஒயரைச் செருகும் ஓட்டைக்குள் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

★ பழைய பாணி ஃபஸ் பெடல்களில் இருக்கும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற மின்கசிவு கூடி ஒலியே மாறிவிடும். நம் ஊர் மே மாதத்துக்கு சிலிக்கான்தான் உத்தமம்.

★ டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹெட்போனில் கேட்டால் காதுக்குள் கொசு பறப்பதுபோல் இருக்கும். குறை பெடலில் இல்லை. கிதார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெருமளவு அடக்கிவிடும். ஹெட்போன் அப்படியே கொட்டும். நள்ளிரவு வாசிப்பாளர்கள், கிதார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை அடக்கித் தரும் ‘கேபினெட் சிமுலேஷன்’ உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

★ பெடல்களை எந்த வரிசையில் இணைப்பது? வா-வா, ஃபஸ், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப் என்பது வழக்கம். சட்டமில்லை.

★ பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுள் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் பழைய அடாப்டர் பல, நடுமுள் பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் புகையலாம். ஓவர்டிரைவுக்குச் சில மில்லியாம்பியர் போதும். சில டிஜிட்டல் டிலேக்கள் நூற்றுக்கணக்கில் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் கோத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். பெடல்களை அடுக்கும் பலகைக்கு மிச்சப் பிளைவுட்டும் வெல்க்ரோ பட்டையும் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை, ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி இணைப்புத் தரும் நல்ல பவர் சப்ளையில் போடுங்கள்.