‘ஃப்ரீ விசா’: வேலையற்ற விசாவும் வட்டியுள்ள கடனும்

திண்டுக்கல் சமவெளியின் நிலமற்ற தலித் குடும்பங்களிடம் தரகர்கள் விற்கும் வளைகுடாக் கனவின் பெயர் ‘ஃப்ரீ விசா’. விசாவில் பெயருள்ள கஃபீல் வேலை தருவதில்லை. போய் இறங்கியவரே தெருவில் நின்று அன்றாடக் கூலி வேலை தேட வேண்டும். சவுதியில் ஒருவர் பெயரில் வந்து, அனுமதியின்றி வேறொருவரிடம் உழைப்பது சட்டமீறல். கூலி மறுக்கப்பட்டுப் புகார் செய்யப் போனால், போனவரே நாடு கடத்தப்படலாம். அடகு வைக்க நிலமில்லாதவர் கந்துவட்டிக்கு வாங்கிய கடனோ ஊரில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இதனைத் தடுக்கவே 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உள்ளது. பதிவுச் சான்றின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதைப் பிரிவு 10 தடை செய்கிறது. மீறினால் பிரிவு 24இன்படி 2 ஆண்டுகள் வரை சிறை. பதிவுபெற்ற முகவரும் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் பெறலாகாது. பத்தாம் வகுப்புத் தேறாதோர் சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. தரகர்கள் சுற்றுலா விசாவில் அனுப்புவது இந்த ஒப்பந்தச் சரிபார்ப்பிலிருந்து தப்பவே.

வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது பிரிவு 27. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருடைய பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோரோ புகார் அளித்தால் அவ்வனுமதி தேவையில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது. மகன் ரியாத்தில் சிக்கியிருந்தாலும் தாய் இங்கே புகார் அளிக்கலாம். பணம் கொடுத்த ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் காப்போம். சட்டத்தின் இந்த வாசலை நம் சேரிகளுக்குத் தெரிவிப்போம்.